அக்காவின் அவுட் பாஸ்

என் பழைய கைபேசியில் ஒன்பது வினாடி ஓடும் ஒரு குரல் பதிவு இருக்கிறது. திரை விரிசல் விட்டு, சார்ஜ் ஏற்றினால் அரை மணி நேரம்கூடத் தாங்காத கைபேசி அது. தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு அந்தப் பதிவுதான் காரணம். பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்க, வேகமாக நடந்துகொண்டே ஒரு பெண் பேசுகிறாள். “அவுட் பாஸ் எல்லாம் இன்னாத்துக்குய்யா? வேணாம். அத்த வாங்கினா பேரு கெட்டுப்பூடும். கம்முனு வேலைய பாரு. லைனுக்கு டைமாச்சு, வெச்சுடறேன்.” அவ்வளவுதான். குரலில் கோபமில்லை, சலிப்புமில்லை. ஷிப்டுக்கு ஓடுகிற எந்தப் பெண்ணும் பேசுகிற பேச்சுதான். இந்த ஒன்பது வினாடி ஒரு மனிதரைப் பதினோரு நாள் ஒழுங்காகச் சோறு தின்ன விடாமல் செய்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். பக்கத்திலேயே இருந்து பார்க்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி என் பக்கத்து அறை அக்கா. இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஏழு அறைகள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மூன்றாவது அறையில் நான், நான்காவதில் அக்கா. மற்ற அறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறி மாறித் தூங்குவார்கள். நான் அங்கே குடிவந்தபோது ஹவுஸ் ஓனர் அம்மா என் வேலையைப் பற்றி நன்றாகவே விசாரித்தார். பத்திரிகையாளர் என்றேன். எந்தப் பத்திரிகை என்றார். ஒன்றில் இல்லை, பலவற்றுக்கும் எழுதுகிறேன், வெளிநாட்டுப் பத்திரிகைகள், வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றி, அவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப வேல இல்லன்னு சொல்லு,” என்றார். ‘ஃப்ரீலான்ஸ்’ என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான தமிழை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அந்தத் தெருவில் குடியிருந்ததால் எனக்கு ஒரு வேடிக்கை புரிந்தது. மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து இந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். இந்தத் தொழிற்சாலைகளின் மதில் நிழலிலேயே பிறந்துவிட்டு, விமானம் ஏறி வெளிநாடு போகிறவர்கள் இன்னொரு பக்கம். அக்காவின் கணவர் இரண்டாவது வகை. வடக்குப்பட்டுக்காரர், தச்சர், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலையில் கெட்டிக்காரர். ஒரகடத்தைச் சுற்றி எழும்பிய ஷெட்டுகளில் பாதிக்கு அவர் பலகை அடித்திருப்பார். கட்டி முடித்த பிறகு அதே ஷெட்டுக்குள் வேலை கேட்டுப் போனால், ஐ.டி.ஐ. படித்த இருபத்தைந்து வயதுக்காரன்தான் வேண்டும் என்றார்கள். அவருக்கு அப்போதே நாற்பது தாண்டியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த மறு வருடம் வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனார். அக்கா வடக்குப்பட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்து, எங்கள் வரிசைக்கு வந்தாள். நான் அவளைச் சந்தித்தபோது அவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் அவரை மாமா என்றுதான் சொல்வேன், பார்க்காமலேயே.

அக்காவின் கம்பெனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். ஒரு பெரிய பலகை மெதுவாக நகர்ந்து வரும். அதில் இவள் தன் பங்கு வயர்களைப் பதித்து, டேப் சுற்றி விட வேண்டும். அடுத்த பலகை வந்துவிடும். கைபேசியைக் காலையிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும், ஷிப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். நடுவில் உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் ஒரு காரியம் என்றால் சூப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டும். ஒரு சீட்டில் காரணம் எழுதிக் கொடுத்தால் அவர் கையெழுத்துப் போடுவார். கேட்டில் செக்யூரிட்டி அதை வாங்கிக்கொண்டு வெளியே விடுவார். அந்தச் சீட்டுக்குப் பெயர்தான் அவுட் பாஸ். அக்காவின் அகராதியில் அதைவிட அசிங்கமான வார்த்தை கிடையாது. அவுட் பாஸ் வாங்குகிறவள் வேலைக்கு லாயக்கில்லாதவள், லைனை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிறவள். அவள் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றுகூட வாங்கியதில்லை. நூற்றிரண்டு ஜுரத்தோடு டேப் சுற்றியிருக்கிறாள். முழு வருகைக்காகக் கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரங்கள் மூன்று அவள் அறையில் தொங்கின. மூன்றும் மூன்று நேரம் காட்டும். எதையாவது கழற்றலாமே என்றால், “அது இன்னா கடியாரமா? மெடலு,” என்பாள்.

மாமா போயிருந்த நாட்டில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள், முதலாளியிடமிருந்து ஓடிப்போனவர்கள் எல்லோரும் தண்டனை இல்லாமல் ஊர் திரும்பலாம், குறிப்பிட்ட நாளுக்குள். அப்படிப்பட்டவர்களை அங்கேயுள்ள தமிழர்கள் ‘கல்லி வல்லி’ என்பார்கள். கணக்கில் இல்லாத ஆள் என்று பொருள் வரும். முகத்தைப் பார்க்காமல் சொல்லக் கேட்டால் ஏதோ செல்லப்பெயர் மாதிரி இருக்கும். கடைசி வாரத்தை நேரில் போய் எழுத முடியுமா என்று, நான் ஒருமுறைகூடப் பார்த்திராத வெளிநாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டார். எல்லோரும் ஊர் திரும்புகிறவர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரும்ப மறுப்பவர்களைப் பற்றி எழுது, மன்னிப்பு கிடைத்தும் ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்று கேள் என்றார். நல்ல கேள்விதான். பெட்டி கட்டினேன். நான் போகும் ஊரைக் கேட்டதும் அக்கா வேகவேகமாக மாங்காய்த் தொக்கு கிளறி, டப்பாவில் அடைத்து, ஒழுகாமல் நாலு கவர் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். கூடவே மாமாவின் எண்ணையும். “பத்து நாளா ஒரு போன் இல்ல, மெசேஜ் இல்ல. ஓ.டி. பாத்துக்கினு கீறாரு போல. பாத்து நாலு கேள்வி கேட்டுட்டு வா,” என்றாள்.

மாமாவை நான் பார்த்தது நம் நாட்டுத் தூதரகத்தின் வெளிமதிலை ஒட்டிய நடைபாதையில். அதைத் தவிர வேறெங்கும் எனக்கு அன்று வேலையில்லை. மறுநாளிலிருந்து விடுமுறை, அது முடிவதற்குள் மன்னிப்புக் கெடு முடிந்துவிடும். ஆகவே அன்றுதான் கடைசி நாள். பதினொன்றரை மணி வரைதான் டோக்கன் தருவார்கள் என்று ஒட்டியிருந்தார்கள். வெயில் காலை எட்டு மணிக்கே முகத்தில் அறைந்தது. வரிசையில் நின்றவர்கள் விண்ணப்பத்தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் ஒரு வெள்ளைத் தாள் கொடுக்கும், ஊருக்கு ஒரே ஒரு முறை போவதற்கு மட்டும். அங்கே எல்லோர் வாயிலும் அதற்கு ஒரே பெயர், அவுட் பாஸ். நான் அந்த வார்த்தையை அன்று காலையிலிருந்து நூறு முறை கேட்டிருப்பேன், நோட்டிலும் எழுதியிருந்தேன். மண்டையில் எதுவும் உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும்.

அக்கா கொடுத்த எண்ணில் கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தேன், பத்து மணி போல அவர் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நன்றாக வாரிய தலை, உள்ளே ஒடுங்கிய கன்னம். தொக்கு டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்கா கேட்கச் சொன்ன நாலு கேள்விகளைக் கேட்பதற்குள், அந்த வரிசையிலிருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்து, “இன்னும் பாரம் எழுதலியா?” என்று கத்தினார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, மாமாவும் கல்லி வல்லி என்று. மூன்று வருடத்துக்கு முன்பே முதலாளியை விட்டுவிட்டார். பாஸ்போர்ட் அந்த முதலாளியிடம். அங்கே இங்கே கிடைக்கும் வேலைக்குப் பலகை அடித்துக்கொண்டு, போலீஸ் வண்டியைக் கண்டால் சந்தில் நுழைந்துகொண்டு இருந்திருக்கிறார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை மாமா இன்னும் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவர்.

“ஏன் மாமா நீங்க வரிசையில நிக்கல?” என்றேன். “நான் ஊருக்குப் போவல,” என்றார். திரும்ப மறுப்பவரைத் தேடித்தானே நான் வந்திருந்தேன். என் கை தானாகப் பைக்குள் போய்ப் பதிவுக் கருவியைத் தேடியது. என் தொழிலில் எனக்குப் பிடிக்காத கணம் அதுதான். எதிரில் ஒருவர் மனம் விட்டு உடையப்போகிறார் என்று தெரிந்ததும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்க்கும். அவர் கைபேசியை எடுத்து என் காதில் வைத்தார். பதினோரு நாளைக்கு முன் அவர் அக்காவுக்கு அனுப்பியது முதலில் ஓடியது. “அவுட் பாஸ் தராங்களாம். எல்லாரும் வாங்கறாங்க. நானும் வாங்கட்டுமா?” அதற்குப் பதிலாக வந்தது, பிறகு நான் அவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட அந்த ஒன்பது வினாடி. வேணாம். பேரு கெட்டுப்பூடும். கம்முனு வேலைய பாரு. “கேட்டியாம்மா?” என்றார் மாமா. “நான் வர்றது அவளுக்குப் புடிக்கல. ஆறு வருசமாச்சு, நான் இல்லாம பயகிட்டா. அவ மேல தப்பு சொல்ல முடியாது.”

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக, வாயை மூடக்கூட முடியாமல். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகம் கறுத்துப்போனது. தொக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசர், சீட்டு, கேட், நூற்றிரண்டு ஜுரம், மூன்று கடிகாரம். ஒரகடத்து ஷெட்டுகளை வெளியிலிருந்து கட்டியவருக்கு உள்ளே ஓடும் அவுட் பாஸ் தெரியாது. உள்ளே டேப் சுற்றியவளுக்குக் கடல் தாண்டிய அவுட் பாஸ் தெரியாது. நீங்கள் கம்பெனியில் பாதி ஷிப்டில் கிளம்பக் கேட்கிறீர்கள் என்று நினைத்து அக்கா புத்தி சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான் என்றேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. “நீ நல்ல பொண்ணு. அவளுக்காகப் பேசற. அவ வாயால சொல்லட்டும், நிக்கறேன்,” என்றார்.

பத்தேகால். நம் ஊரில் பன்னிரண்டே முக்கால். அக்கா முதல் ஷிப்டில் இருந்தாள், அது விடுவது மத்தியானம் மூன்று மணிக்கு. அது இங்கே பன்னிரண்டரை. அதற்குள் டோக்கன் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அவள் கைபேசியோ லாக்கரில். எனக்கு நினைவுக்கு வந்த ஒரே ஆள் ஹவுஸ் ஓனர் அம்மாதான். அவரைக் கூப்பிட்டு, கம்பெனி கேட்டுக்குப் போய் அக்காவை எப்படியாவது வெளியே வரவழைத்து உங்கள் போனில் பேச வையுங்கள் என்றேன். காரணம் கேட்காமல் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார் அந்தப் புண்ணியவதி. போனை வைக்கவும் இல்லை. அதனால் கேட்டில் நடந்தது முழுவதும் எனக்குக் கேட்டது. “அவ புருசன் லைன்ல கீறாரு, அவசரமா பேசணுமாம், கூப்புடு,” என்றார் ஓனர் அம்மா. “எந்த லைனு? ஏ லைனா பி லைனா?” என்றார் செக்யூரிட்டி. “போன் லைன்ல கீறாருய்யா!” “போன் எல்லாம் உள்ள அலோ கிடையாதும்மா. அவரு எப்டி எடுத்துனு போனாரு?” இந்த வழக்கு ஐந்து நிமிடம் நடந்தது. நான் நடைபாதையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமா பக்கத்தில் குந்தியிருந்தார். வரிசை முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் தகவல் உள்ளே போனது. சூப்பர்வைசரிடம் நின்று, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘வீட்டுக்காரர்’ என்று மட்டும் எழுதி, அக்கா தன் வாழ்நாளின் முதல் அவுட் பாஸை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவந்தாள். அவள் குரல் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. “உசுரோட கீறாரா?” என்றாள். அதைத்தான் முதலில் கேட்டாள். நான் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் அக்காவுக்கு ஸ்பீக்கர் தேவையும் இல்லை. மாமா அழுதுகொண்டே சொன்னார். கம்பெனி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, மூன்று வருடமாக ஒளிந்து திரிகிறேன், இந்தத் தாளை வாங்கினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இந்த நாட்டுக்கு மறுபடி வர முடியுமா என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.  அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போகும் ஓசை கேட்டது. பிறகு அக்கா கேட்டாள், “உன் முன்னால எத்தினி பேரு நிக்கறாங்க?” மாமா எழுந்து வரிசையை எட்டிப் பார்த்து, நூறு பேர் இருக்கும் என்றார். “அங்க நின்னு இன்னா பேசிக்கினு கீற? போய் நில்லுய்யா,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பதினொன்று இருபத்தைந்துக்கு மாமாவின் கையில் டோக்கன் இருந்தது. எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்த காலை வேளைகள் குறைவு.

கட்டுரையை எழுதி அனுப்பினேன், வேறொருவரைப் பற்றி. செய்தியாளர் நடப்பதைப் பார்க்க வேண்டும், நடத்தி வைக்கக் கூடாது என்பது என் தொழிலின் ஒழுங்கு. நான் அன்று ஒரு ஹவுஸ் ஓனர், ஒரு செக்யூரிட்டி, ஒரு சூப்பர்வைசர் எல்லோரையும் வேலை வாங்கியிருந்தேன். ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, அருமையான கதை, ஆனால் நம் பத்திரிகைக்கு ஆகாது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருப்பதால் வாசகருக்கு எங்கே குழப்பம் என்றே புரியாது என்றார். அதுவும் சரிதான். இப்போது யோசித்தால் அந்த ஒழுங்கை மீறியதற்காக எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டேன், எத்தனையோ பேரைப் பேச வைத்து எழுதிவிட்டேன். எழுதியதால் யாராவது வீடு வந்து சேர்ந்தார்களா என்று கேட்டால் நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. எழுதாமல் விட்டதில் ஒருவர் வந்து சேர்ந்தார்.

மாமா இப்போது வடக்குப்பட்டிலேயே வேலை செய்கிறார். புதிய ஷெட்டுகள் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன, பலகை அடிக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. பூட்டிய வீட்டைத் திறந்துவிட்டார்கள். அக்கா அங்கிருந்தே கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். நான் இன்னும் அந்த மூன்றாவது அறையில்தான் இருக்கிறேன், ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவுட் பாஸ் கதையை அக்கா யார் வந்தாலும் சொல்வாள். செக்யூரிட்டி மாதிரியும் ஓனர் அம்மா மாதிரியும் மாறி மாறிப் பேசிக் காட்டுவாள். அந்த வருடம் நாலாவது கடிகாரம் கிடைக்காமல் போனதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. மாமாவும் உட்கார்ந்து சிரிப்பார். எனக்கும் அது ஒரு சிரிப்புக் கதையாகத்தான் இருந்தது, போன மாதம் வரைக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானம். முற்றத்தில் உட்கார்ந்து நானும் அக்காவும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மாமா உள்ளே கட்டிலுக்கு ஒரு சட்டம் மாற்றிக்கொண்டிருந்தார். இழைப்புளிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அக்கா வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் சிரிக்காமல், தலையைத் தூக்காமலேயே சொன்னாள். “அந்த வார்த்த அவுருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. செரி, அது போவட்டும். ஆனா பதினோரு நாளு, நான் வர வேணாம்னு சொல்லுவேன்னு நம்பிக்கினு கெடந்தாரே. வார்த்த தெரியல செரி. என்னையுமா தெரியல?” இத்தனை வருடம் இதை அவள் எங்கே வைத்திருந்தாள் என்று நான் திகைத்துப்போனேன். கேள்வி கேட்டே பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை. 

இழைப்புளிச் சத்தம் நின்றிருந்தது. மாமா வாசற்படியில் வந்து நின்றார், சட்டையெல்லாம் மரத்தூள். எங்கள் இருவரையும் பார்க்காமல் கீரைக் குவியலையே பார்த்தார். “நம்பல,” என்றார். “உன்ன எனக்குத் தெரியும். நீ வான்னுதான் சொல்லுவன்னு தெரியும். அதுக்குத்தான் பயந்தேன். ஆறு வருசம் கயிச்சு வெறுங்கையோட எப்டி வந்து நிக்கறது? வேணாம்னு நீ சொன்னதா நெனச்சிக்கினா, வராம இருந்துடலாம் இல்ல. எனக்கு அது தோதா இருந்துச்சு.”

அக்கா கையிலிருந்த இணுக்கைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“வெறுங்கையா?” என்றாள். “கை வந்துச்சு இல்ல?”

நகர்ந்து உட்கார்ந்து, தன் முறத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மாமா கையிலிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கீரை ஆய உட்கார்ந்தார்.